முகமும் கையும்: ஓவியத்தினுள் நுழையும் புகைப்படங்கள் பற்றிச் சில குறிப்புகள்

அம்மாவின் திவசத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னர் என் மகன் ஒரு படத்தைச் சட்டம் போட்டு எடுத்துவந்து முன்னறைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தான். பேய்ஸ்வோட்டரில் இரவுவேலை முடிந்து விடிகாலையில் த பேசினில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த நான், சப்பாத்தைக் கழற்றாமலே அதன் முன் நின்றேன். ஓவியம் தெரிந்த ஓவியம்தான். ரவிவர்மா 1893இல் வரைந்த 'அதோ அப்பா வருகிறார்'. வெள்ளை உடுத்த ஒரு மலையாளப் பெண், இடுப்பில் குழந்தை, காலடியில் நாய். அவள் ஒருபுறம் திரும்பி, படத்துக்கு வெளியே வந்துகொண்டிருக்கும் யாரையோ குழந்தைக்குக் காட்டுகிறாள். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் என் அம்மாவின் முகமாக இருந்தது.

இதைக் குடும்பக் கதையாகச் சொல்ல நான் இங்கு முற்படவில்லை. ஆனால் ஒரு படம் பற்றி எழுதுபவன் அப்படத்தின் முன் தான் எந்த நிலையில் நின்றான் என்பதை மறைப்பது நேர்மையல்ல என நினைக்கிறேன். ஒரு காலத்தில் நான் பல்கலைக்கழகமொன்றில் கலைவரலாறு படிப்பித்தவன். ரவிவர்மாவைப் பற்றி எத்தனையோ தடவை விரிவுரை செய்திருக்கிறேன். காலனித்துவ யதார்த்தவாதம், எண்ணெய்வர்ணத்தின் வர்க்கச் சார்பு, உயர்சாதிப் பெண்ணுடல் 'இந்தியப் பெண்' ஆக்கப்பட்டமை என்றெல்லாம் பேசி, மாணவர்களைக் குறிப்பெடுக்க வைத்தவன். அன்று அந்தச் சட்டத்தின் முன் அவற்றுள் ஒரு சொல்லும் எனக்கு உதவிக்கு வரவில்லை. முதலில் வந்தது அழுகை. அதற்குப் பின்னர்தான் கோபம்.

கோபம் எதன்மீது என்பதைத்தான் இக்கட்டுரையில் கண்டுபிடிக்க முயல்கிறேன்.

இன்றைக்கு எம்மவர் வாழும் நாடுகளில் எல்லாம் இது ஒரு சாதாரண காரியமாகிவிட்டது. சாமத்தியச் சடங்கு அழைப்பிதழில் பிள்ளை ரவிவர்மாவின் தமயந்தியாகி அன்னத்தோடு பேசுகிறாள். அறுபதாம் கலியாணத்துக்கு வந்த பதாகையில் கணவனும் மனைவியும் தஞ்சாவூர்ப் பாணிப் பொன்தகட்டுக்குள் அமர்ந்திருக்கிறார்கள். அந்தியேட்டிக்கு வெளியிடும் கல்வெட்டின் அட்டையில் இறந்தவர் தாமரைக்கும் மேகத்துக்கும் நடுவே நிற்கிறார். 1990இல் போட்டோஷொப் வெளிவந்த காலத்தில் இதற்கு ஒரு கைவினைஞனின் பொறுமை தேவைப்பட்டது. முகத்தின் விளிம்பை வெட்ட வேண்டும். தோலின் நிறத்தை வர்ணத்தின் நிறத்துக்கு இசைவாக்க வேண்டும். ஓவியத்தில் வெளிச்சம் எப்பக்கத்திலிருந்து விழுகிறதோ அப்பக்கத்துக்கு நிழலை மாற்ற வேண்டும். கடைசியாகப் பழைய வார்னிஷின் வெடிப்புகளை முகத்தின் மேலும் படரவிட வேண்டும். இப்போது இவையனைத்தையும் இயந்திரம் சில நொடிகளில் தானே செய்து முடிக்கிறது.

இவ்விடயம் பற்றி எழுதுபவர் வால்ரர் பெஞ்சமினைத் தொடாமல் தாண்டக்கூடாது என்பது எமது சஞ்சிகைகளின் எழுதாச் சட்டம். நானும் தொட்டுவிடுகிறேன். இயந்திர மறுவுற்பத்தி பற்றிய அக்கட்டுரையில் எல்லோரும் எடுத்தாள்வது 'ஒளிவட்டம்' அழிவது பற்றிய பகுதியை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறோரிடம். வழிபாட்டுப் பெறுமதி எளிதில் விடைபெறுவதில்லை, அது ஒதுங்கிய கடைசி இடம் மனிதமுகம், தூரத்திலிருப்பவரையும் இறந்தவரையும் நினைவுகூரும் பழைய முகப்படங்கள் என்ற கருத்தில் அவர் எழுதிச்செல்கிறார். தூரமும் இறப்பும்தான் எங்கள் வீடுகளின் சுவர்கள். ஆகவே இது வெறும் விளையாட்டு, இதை ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள் எனக் கேட்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் மறுபக்கத்தில் நிற்பவர்களோடும் உடன்பட முடியவில்லை. 'மகத்தான ஓவியத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்பது அவர்கள் கூற்று. ஓவியம் ஒருகாலத்தில் தூய்மையாக இருந்தது, புகைப்படம் வந்து அதை மாசுபடுத்தியது என்பது வரலாறு அறியாத பேச்சு. ரவிவர்மாவின் இந்தப் பெண்ணே அவருடைய மகள் மகாபிரபா. குழந்தை அவளுடைய மகன். அதாவது மூல ஓவியமே ஒரு குடும்ப முகத்தை ஒரு கருப்பொருளுக்குள் பொருத்தியதுதான். அவரது 'இசைக்கலைஞர்களின் கூட்டம்' (1889) ஓவியத்திலுள்ள பதினொரு பெண்களும் தனித்தனியே வரையப்பட்டு ஓரிடத்தில் கூட்டிவைக்கப்பட்டவர்கள் போலவே இருக்கிறார்கள். ராஜஸ்தானின் நாத்துவாராவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்ரீநாத்ஜியின் முன் கைகூப்பி நிற்பதாக வரைந்த படங்களில் யாத்திரிகரின் புகைப்பட முகத்தை வெட்டி ஒட்டி, உடலையும் உடையையும் தூரிகையால் நிரப்பிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்காரர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோட்டும் ரையும் ஆணியில் தொங்கவிட்டிருந்ததை இவ்விதழின் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நான் வாழும் இந்த நாட்டிலோ ஒட்டுவேலை அரசின் அதிகாரபூர்வக் கலையாகவே இருந்திருக்கிறது. த பேசினிலிருந்து மலையேறி சசாஃப்ராஸைத் தாண்டிப் போனால் கலிஸ்ரா என்ற சிற்றூர் வரும். ரொம் றொபேர்ட்ஸ் என்ற ஓவியர் தம் கடைசி ஆண்டுகளை வாழ்ந்து 1931இல் இறந்தது அங்குதான். இங்கிலாந்தில் பிறந்து, 1869இல் பதின்ம வயதில் மெல்பேர்ணுக்கு வந்து, பகலில் புகைப்பட ஸ்ரூடியோவில் வேலை, இரவில் ஓவியப் படிப்பு என்று காலம் தள்ளிய குடியேறி அவர். (இந்த விபரம் தெரிந்த நாளிலிருந்து அவர்மேல் எனக்கொரு சக தொழிலாளியின் பட்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) 1901 மே 9ஆந் திகதி மெல்பேர்ண் கண்காட்சி மண்டபத்தில் அவுஸ்திரேலியாவின் முதல் பாராளுமன்றம் திறக்கப்பட்ட காட்சியை வரையும் பணி அவருக்கு வந்தது. ஒப்பந்தப்படி குறைந்தது 250 பேருடைய சரியான சாயல் அதில் இருக்க வேண்டும். றொபேர்ட்ஸ் பலரை நேரில் இருத்தி வரைந்தார்; மற்றவர்களுக்குப் புகைப்படத்தைப் பயன்படுத்தினார். உயரம், நிறை, தொப்பியின் அளவு என்பனவற்றைக்கூடக் குறித்து வைத்துக்கொண்டார். ஐந்து மீற்றருக்கு மேல் அகலமான அந்தத் துணியை முகம் முகமாக நிரப்பி முடிக்க 1903 ஆகியது. 'பெரிய படம்' என்றே அதை அழைக்கிறார்கள். இன்று கன்பராவில் பாராளுமன்றக் கட்டடத்தில் இருக்கிறது.

அப்படத்தில் இடம் பிடித்தவர்கள் கூடிய அதே சபை, அதே ஆண்டு டிசம்பரில் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. வருபவருக்கு ஏதாவதோர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களைச் சொல்லெழுதுதலாகக் கொடுத்து, தவறியவரைத் திருப்பி அனுப்பலாம் என்ற சட்டம். அச்சோதனை 1958 வரை நீக்கப்படவில்லை. ஆகவே யார் படத்துக்குள், யார் வெளியே என்பது அழகியல் வினாவாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

இனி என் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். அதே றொபேர்ட்ஸின் மிகப் புகழ்பெற்ற ஓவியம் 'ஆட்டுக்கடாக்களின் உரோமம் கத்தரித்தல்'. நியூ சவுத் வேல்ஸில் கொறோவாவுக்கு அருகிலுள்ள புறொக்கிள்ஸ்பி பண்ணைக் கொட்டகையில் ஆரம்பித்து 1890இல் முடித்தது. 1932இல் விக்ரோரியா தேசிய ஓவியக்கூடம் இதை வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொரோனியாவில் ரயிலேறிப் போய் பெடரேஷன் சதுக்கத்தில் அதன் முன் நெடுநேரம் நின்றேன். குனிந்த முதுகுகள், முழங்காலுக்கிடையில் இறுக்கிய கடா, சுருளாக விழும் உரோமம். உடலுழைப்பை இவ்வளவு மரியாதையோடு வரைந்த படங்கள் அதிகமில்லை. அதன் நடுவே எம்மைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு பையன் நிற்கிறான். கத்தரி பட்ட காயத்துக்குத் தார் பூசுபவன். அந்தப் பையனுக்கு மாதிரியாக நின்றது சூசன் பூர்ண் என்ற ஒன்பது வயதுச் சிறுமி. ஒரு தேசத்தின் ஆண்மைக்குச் சின்னமாகப் பள்ளிப்புத்தகங்களில் அச்சாகிவரும் ஓவியத்தின் நடுமுகம் ஒரு பெண்பிள்ளையுடையது. இதிலும் முகம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது.

2001இல், மேற்கு அவுஸ்திரேலியாவின் நியூங்கார் இனத்தைச் சேர்ந்த டயான் ஜோன்ஸ் என்ற கலைஞர் இந்த ஓவியத்தைக் கணினியில் இட்டு, வெள்ளை உழைப்பாளரின் இடத்தில் தன்னுடைய மக்களின் புகைப்பட முகங்களைப் பொருத்தி, கன்வஸில் அச்சிட்டார். பெயரையும் மாற்றவில்லை. 'பெரிய படம்' காட்டிய சம்பவத்துக்குச் சரியாக நூறு வருடம். தம்பா என்ற கப்பல் அகதிகளோடு கடலில் மறிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

நூலகத்தில் எடுத்த நூலொன்றில் இதன் பிரதியை முதலில் கண்டபோது நகைச்சுவை என்றே எண்ணினேன். பிறகு நகைச்சுவையாக அது நிற்கவில்லை. கால்நடைப் பண்ணைகள் ஆதிக்குடி மக்களின் உழைப்பில் எழுந்தவை என்பது இந்நாட்டு வரலாறு. அவர்கள் கூலியாகப் பெற்றது பல இடங்களில் மாவும் சீனியும் தேயிலையும்தான். வேவ் ஹில் பண்ணையில் குரிந்தி மக்கள் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தது 1966இல். பண்ணைத் தொழிலில் சமசம்பளம் என்ற தீர்ப்பும் அவ்வாண்டில்தான் வந்தது. அது நடைமுறைக்கு வர 1968 ஆகியது. ஆகவே டயான் ஜோன்ஸ் பொருத்திய முகங்கள் அக்கொட்டகைக்கு அந்நியமானவையல்ல. மூல ஓவியம் விட்டுவிட்டவர்களை அவர் உள்ளே கொண்டுவந்திருக்கிறார். முகம் மாறியது, கத்தரி பிடித்த கை பொய்யாகவில்லை. அந்தக் கை செய்த வேலையை இந்த முகத்துக்குரியவர்களின் மக்கள் உண்மையில் செய்தவர்கள்.

ஒட்டிய கோடு எங்கே என்று அப்படத்தில் தேட வேண்டியதில்லை. அது பார்ப்பவரின் ஞாபகத்தில் இருக்கிறது. மூலத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகிய ஒருவருக்கு, 'இவர்கள் இங்கே எப்படி?' என்று ஒரு கணம் தோன்றும். அந்தத் தோன்றலுக்காகப் பிறகு அவர் வெட்கப்பட வேண்டி வரும். படத்தின் வேலை அவ்வளவும் அந்த ஒரு கணத்தில்தான் நடக்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எம் பக்கம் திரும்பினால் என்ன தெரிகிறது? 2020ஆம் ஆண்டுக்கான நாட்காட்டி ஒன்றுக்காகச் சென்னைப் புகைப்படக்காரர் ஜி.வெங்கட்ராம், நடிகைகளை ரவிவர்மாவின் ஓவியப் பெண்களாக நிறுத்திப் படமெடுத்தார். சுஹாசினியின் நாம் அறக்கட்டளைக்காகச் செய்த நற்பணி அது. சமந்தாவும் ரம்யா கிருஷ்ணனும் ஷோபனாவும் அதில் இருந்தார்கள். ஒளியமைப்பிலும் சேலையின் மடிப்பிலும் காட்டிய உழைப்பு பாராட்டத்தக்கது. ஆயின் அதற்குக் கிடைத்த பாராட்டின் சொல்லைக் கவனியுங்கள்: 'அப்படியே இருக்கிறது'. அழகென்று ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற முகங்கள், அழகென்று ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற சட்டத்துக்குள் போயின. யாரும் திடுக்கிடவில்லை. ஒருவர் நாணயத்தை எடுத்து அதே பெறுமதியுள்ள நோட்டாக மாற்றிக்கொண்டது போன்றது.

இதற்கு மாறாக, பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என்பவர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'தென்னிந்தியப் பெண்கள்' தொடரில், அதே ரவிவர்மாவின் இலட்சுமியாகவும் நிலவொளிப் பெண்ணாகவும் தானே நின்றார். அது மட்டுமல்ல, வெள்ளைக்கார மானிடவியலாளர்கள் அளவுகட்டங்களின் முன் நிறுத்திப் படமெடுத்த பழங்குடிப் பெண்ணாகவும் அவரே நின்றார். ஓவியச்சீலை ஓவியச்சீலையாகவே தெரிகிறது, வேஷம் வேஷமாகவே தெரிகிறது. தேவியும் அளவெடுக்கப்பட்டவளும் ஒரே உடலில் என்கிறபோது, நாட்காட்டித் தேவியின் மேல் ஒரு கீறல் விழுகிறது. ஜப்பானியரான யசுமாசா மொறிமுறா 1988இல் மனேயின் 'ஒலிம்பியா'வின் கட்டிலில் தானே படுத்து, அருகில் நிற்கும் கறுப்புப் பணிப்பெண்ணாகவும் தானே நின்றதும் இவ்வகையைச் சார்ந்ததே. இவர்கள் முகத்தை மட்டும் கடன் கொடுக்கவில்லை, உடலையும் கொடுத்தார்கள்.

இவ்வளவையும் நான் என் மகனுக்குச் சொன்னேன். விரிவுரை மண்டபத்தை இழந்த விரிவுரையாளனுக்கு வீட்டிலிருப்பவர்களே கதி. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான். அதை அவன் மொழியிலேயே தருகிறேன்:

"அப்பா, அந்த அக்கா தன்ர ஆக்களை வெள்ளைக்காரன்ர படத்துக்குள்ள வைச்சது சரியெண்டுறீங்கள். அரச குடும்பத்துப் பொம்பிளையின்ர இடத்தில தோட்டக்காரி அப்பம்மாவை நான் வைச்சா அது மட்டும் எப்பிடிப் பிழையாகும்?"

இது சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. எண்ணெய்வர்ணம் எங்கள் வர்க்கத்தின் முகத்தை வரைந்ததில்லை. வலிகாமத்தில் குத்தகைக் காணியில் புகையிலையும் வெங்காயமும் செய்த ஒரு பெண்ணுக்கு, அரண்மனைச் சுவருக்காக வரைந்த ஓவியத்தில் இடம் கேட்பது ஒரு கலகம் என்று அவன் வாதாடினால் அதில் நியாயம் உண்டு. என்னிடம் படித்த மாணவன் இப்படிக் கேட்டிருந்தால் கூடிய புள்ளி கொடுத்திருப்பேன்.

இருந்தும் என் கோபம் தணியாததற்குக் காரணத்தை மெல்ல மெல்லத்தான் கண்டேன். அம்மாவின் படமென்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று: தேசிய அடையாள அட்டைக்காக எடுத்தது. மற்றவையெல்லாம் 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது வீட்டோடு விடப்பட்டவை. அந்த அட்டைப்படத்தில் அம்மா நேரே பார்க்கிறார். அரசுக்குத் தேவையானது நேர்முகம்தான். ஆனால் ரவிவர்மாவின் பெண் ஒருபுறம் திரும்பி நிற்கிறாள். ஆகவே இயந்திரம் அம்மாவின் முகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. எந்தக் கமராவும் பார்த்திராத அவருடைய கன்னத்தின் பக்கத்தை, காதின் ஓரத்தை, தாடையின் வளைவை அது தானாக உண்டாக்கியிருக்கிறது. எங்கிருந்து? அதற்கு ஊட்டப்பட்ட கோடிக்கணக்கான வேறு முகங்களிலிருந்து. எனக்கு அந்தப் பக்கம் தெரியும். அடுப்படியில் அவர் குந்தியிருக்கும்போது நான் படித்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தில் இருந்துதான். அது இதுவல்ல. ஆனால் நிச்சயமாக அது எப்படி இருந்தது என்று கேட்டால், இந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கே தடுமாறுகிறது. 2012இல் அம்மாவை விட்டு வந்தேன்; 2016இல் அவர் இறந்தபோது என் விசா அங்கு போக இடந்தரவில்லை. என்னிடம் எஞ்சியிருந்தது அந்தப் பக்கத் தோற்றத்தின் நினைவு. அதன்மேல் இப்போது இன்னொன்று ஒட்டப்பட்டுவிட்டது. இங்கே ஒட்டிய கோடு பார்ப்பவரின் ஞாபகத்தில் தெரியவில்லை, ஞாபகமே வெட்டப்பட்டிருக்கிறது.

அடுத்தது கை. அந்தப் பெண் நீட்டும் விரல் ஒரு அரண்மனை விரல். அதற்கு ஓவியர் தந்திருக்கும் மென்மை அபாரமானது. என் அம்மாவின் சுட்டுவிரல் புகையிலையின் பக்கத் தளிர்களை முறித்து முறித்து, பிசின் ஏறிக் கறுத்து, நகத்தோரம் வெடித்திருக்கும். சோறு குழைத்துத் தரும்போது அந்தக் கறுப்புத் தெரியும். டயான் ஜோன்ஸின் படத்தில் முகத்துக்கும் கைக்கும் இடையே வரலாறு பாலமாக இருந்தது. இங்கே முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒன்றுமில்லை. தோட்டக்காரிக்கு அரண்மனையில் இடம் கிடைத்திருக்கிறது, தோட்டத்தை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. இதைக் கலகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எமது ஸ்ரூடியோவில் ஆணியில் தொங்கிய கோட்டின் கதைதான் இதுவும்.

நான் பிளாஸ்ரிக் வார்க்கும் ஆலையில் வேலை செய்கிறேன். அங்கே முகக்கவசமும் கண்ணாடியும் போட்டிருப்பதால் ஒருவரையொருவர் கையைக்கொண்டே அடையாளம் காண்கிறோம். வியட்னாமியப் பெண் ஒருவரின் கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. என் புறங்கையிலும் ஒன்று. இதனால் எனக்குக் கைமேல் அளவுக்கு மீறிய கவனம் வந்துவிட்டிருக்கலாம். அதை வாசகர்கள் கழித்துக்கொள்க.

எதிர்த்தரப்பு வாதம் இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. ரொறொன்ரோவிலுள்ள தங்கச்சிக்கு மகன் படத்தை அனுப்பிவிட்டான். அவள் ரெலிபோன் எடுத்து அழுதாள். "அம்மா ஒரு நாளாவது இப்பிடி ஆறுதலா நிண்டிருக்கிறாவோ அண்ணை? படத்திலையாவது நிக்கட்டுமேன்" என்றாள். உழைத்துக் களைத்த கையை ஏன் இறந்த பின்னரும் தூக்கிக் காட்டச் சொல்கிறாய் என்பதுதான் அவள் கேட்டது. உழைப்பின் அழகியலைப் பேசிய எங்கள் தலைமுறை இடதுசாரிகள், உழைத்தவர்களுக்கு ஓய்வும் ஒரு ஆசை என்பதை அதிகம் யோசித்ததில்லை. அவளுக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

திவசத்தன்று அந்தப் படத்தையே வைத்தோம். அடையாள அட்டைப் படத்தின் பிரதியொன்றை அதன் கீழ்ச் சட்டத்தில் நான் செருகினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மகன் ஒரு யோசனை சொன்னான். அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, இன்னும் ஊரில் இருக்கிறார். எண்பது கடந்தும் காலையில் வெங்காயப் பாத்திக்குள் நிற்பவர். அவருடைய கையைப் படமெடுத்து அனுப்பினால் அந்த விரலை மாற்றிவிடலாம் என்றான். முகத்தையும் நேராகவே விட்டுவிடலாம், குழந்தையையும் அப்பா வரும் திசையையும் பாராமல் எங்களைப் பார்க்கட்டும் என்றான். ஓவியம் குலைந்துவிடுமே என்றேன். குலையட்டும் என்றான்.

சின்னம்மாவிடம் நான்தான் ரெலிபோனில் கேட்டேன். வெகுநேரம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார்.

"என்ர கையை என்னத்துக்கு மோனை? பொறு, கழுவிப்போட்டு வாறன்."

கழுவ வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டார்.